ஆட்டத்தில் இல்லாதவர்கள்

தைப்பூசம் முடிந்த மறுவாரம் அம்மாவின் ரைஸ் குக்கர் நின்றுபோனது. பதினோரு ஆண்டு ஓடிய சாமான். முகப்பில் ஜப்பானியப் பெயர் இருக்கும். திருப்பிப் போட்டுப் பார்த்தால் வேறொரு நாட்டில் செய்தது என்று சின்ன எழுத்தில் இருக்கும். எண்பது ரிங்கிட்டுக்குப் புதிது கிடைக்கிறது, சாயங்காலம் வரும்போது வாங்கி வருகிறேன் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"சட்டி நல்லாத்தானே இருக்கு? உள்ள ஏதோ ஒரு ஒயரு போயிருக்கும். அதுக்குப் போயி முழுசையும் தூக்கிப் போடுவியா?"

கிள்ளானில் எங்களுக்குத் தெரிந்த இரண்டு ரிப்பேர் கடைகளும் மூடிவிட்டன. ஒன்றில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். ஆகவே குக்கரைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூருக்கு வந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒருவர் இன்னமும் மின்விசிறியும் மிக்சியும் பழுது பார்க்கிறார். அறுபதைத் தாண்டியவர். குக்கரைக் கவிழ்த்தார், சிரித்தார்.

"இந்த ஸ்குரூவைப் பாருங்க தம்பி. மூணு மூலை. சாதா ஸ்குரூ டிரைவர் உள்ள போவாது. நீங்க தொறக்கக்கூடாதுன்னே போட்டிருக்கான்."

பாதுகாப்புக்காகத்தான் அப்படிப் போடுகிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும். அதில் பாதி உண்மை உண்டு. அவரிடம் அதற்கேற்ற முனை இருந்தது. திறந்து, மீட்டரை வைத்துப் பார்த்து, கம்பிக்குள் உறை போட்டிருந்த விரற்கடை நீளப் பொருள் ஒன்றைக் காட்டினார். தெர்மல் ஃபியூஸ். சூடு அளவுக்கு மீறினால் தன்னைத் தானே அறுத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றும் பொருள். "ரெண்டு வெள்ளி சாமான்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஆனா எனக்கு ஒரு மணி நேரம் புடிக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்ககிட்ட எவ்ளோ கேக்க? அம்பது கேட்டா புதுசே வாங்கிக்கிறேன்னு போயிருவீங்க. இருபத்தஞ்சு கேட்டா எனக்குக் கடை வாடகை வராது."

இருபத்தைந்துக்கே ஒப்புக்கொண்டார், வியாழக்கிழமை வரச் சொன்னார். திரும்பி வரும்போது அவருடைய கேள்விதான் காதில் இருந்தது. அவருடைய ஒரு மணி நேரத்துக்கு விலை சொல்ல முடியாதபடி அவரைத் திக்குமுக்காட வைத்தது எது? புதிய குக்கரின் எண்பது ரிங்கிட். அந்த எண்பது ரிங்கிட் நல்ல விலையா? வாங்குகிற எனக்கு நல்லது, சரி. நான் கேட்பது வேறு. அது நியாயமான விலையா?

இதற்குப் பதில் தேட ஒசாக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1918இல் அங்கே சின்னதாகத் தொழில் தொடங்கிய கொனோசுகே மாட்சுஷிதா, 1932 மே 5ஆம் தேதி தன் ஊழியர்களைக் கூட்டி வைத்து ஓர் உரை ஆற்றினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு மத அமைப்பின் தலைமையகத்தைப் பார்க்கப் போயிருந்தார். அங்கே மக்கள் கூலி வாங்காமல் மகிழ்ச்சியோடு உழைப்பது அவரை உலுக்கிவிட்டது. (கூலியில்லா உழைப்பைப் பார்த்து ஒரு முதலாளி பரவசம் அடைந்தது பற்றி நமக்குச் சந்தேகம் வரலாம். அது இருக்கட்டும்.) வணிகத்துக்கும் அப்படி ஓர் அறம் வேண்டாமா என்று யோசித்தார். அவர் கண்டுபிடித்த உவமை குழாய்த் தண்ணீர். வழிப்போக்கர் ஒருவர் யார் வீட்டு வாசலிலோ இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிறார். தண்ணீருக்கும் விலை உண்டு. என்றாலும் அவரைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை. ஏன்? தண்ணீர் அவ்வளவு ஏராளம். ஆகவே உற்பத்தியாளனின் கடமை, வீட்டுக்கு வேண்டிய பொருட்களைக் குழாய்த் தண்ணீர் போல ஏராளமாகவும் மலிவாகவும் ஆக்கி வறுமையை ஒழிப்பது. இதற்கு 250 ஆண்டுத் திட்டம் போட்டார். 25 ஆண்டு வீதம் பத்துக் கட்டம்.

இதை வெறும் விளம்பரப் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் எங்கள் வீட்டு அடுப்படி. என் பாட்டி காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை பிரட்டுக்குப் போவதற்கு முன் விறகடுப்பில் சோறு வடித்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண் எரிந்து, நான்கு மணிக்கே நாள் தொடங்கிவிடும். லயத்துக்கு மின்சாரம் வந்து, ஒரு ரைஸ் குக்கரும் வந்தபோது பாட்டிக்குக் கிடைத்தது கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம். தத்துவம் என்று சொன்னால் எனக்கு அதுதான் தத்துவம்.

அந்தக் குக்கரே போட்டியில் பிறந்ததுதான். தானாகவே அணையும் ரைஸ் குக்கரை வணிக வெற்றியாக்கியது தோஷிபா, 1955இல். அதை வடிவமைத்துக் கொடுத்தவர் சிறிய பட்டறை வைத்திருந்த யோஷிதாதா மினாமி. இரவும் பகலும் சோறாக்கிச் சோறாக்கிச் சூட்டை அளந்து குறித்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. அந்தக் குக்கரில் இரட்டைப் பானை. வெளிப்பானையில் ஊற்றிய தண்ணீர் இருபது நிமிடத்தில் ஆவியாகித் தீரும். சூடு சட்டென்று ஏறும். உள்ளே இருக்கும் உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். மாட்சுஷிதா நிறுவனம் அதற்கு அடுத்த ஆண்டே தன் குக்கரோடு சந்தைக்கு வந்தது. பிறகு இரட்டைப் பானை போய் ஒற்றைப் பானை வந்தது. தண்ணீரை அரிசி குடித்து முடிக்கும்வரை சட்டி நூறு டிகிரியைத் தாண்டாது. தாண்டியதும் அடியிலிருக்கும் காந்தம் பிடிப்பை இழக்கும், ஸ்பிரிங் தள்ளிவிடும். நாம் கேட்கும் அந்த 'டக்' சத்தம் அதுதான். ஒருவர் இன்னொருவரை முந்தப் பார்த்த ஒவ்வொரு தடவையும் குக்கர் எளிமையானது, விலை இறங்கியது. பாட்டியின் தூக்கம் அந்தப் போட்டியின் பயன்.

போட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1924இல் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி, தங்களுக்குள் சந்தையைப் பிரித்துக்கொண்டதோடு விளக்கின் ஆயுள் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் பேசி வைத்தன. கூடுதல் நேரம் எரியும் விளக்கைச் செய்தவர் அபராதம் கட்ட வேண்டும். ஃபீபஸ் கூட்டணி என்று அதற்குப் பெயர். ஆகவே போட்டியே பாவம் என்று எழுத நான் வரவில்லை.

வீடியோப் போட்டியை என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சோனி 1975இல் பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஜேவிசி விஎச்எஸ்ஸோடு வந்தது. ஜேவிசியின் பெரும்பங்கு மாட்சுஷிதாவிடம் இருந்தது. பீட்டாவின் படம் கொஞ்சம் தெளிவு என்பார்கள். ஆனால் முதலில் வந்த பீட்டா நாடாவில் ஒரு மணி நேரம்தான் பதிவாகும். விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஜேவிசி தன் முறையைப் பிற நிறுவனங்களுக்கும் தாராளமாகக் கொடுத்தது. 1988இல் சோனியே விஎச்எஸ் கருவி செய்யத் தொடங்கியதோடு சண்டை முடிந்தது. தோட்டத்தில் அப்போது சனிக்கிழமைகளில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, லயத்துக்கே விடிய விடிய மூன்று படம் ஓட்டுவோம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படத்துக்கு ஒரு மணி நேர நாடா எதற்கு உதவும் என்று எங்கள் தோட்டத்து ஆட்கள் யாரும் சந்தை ஆய்வு செய்யவில்லை. வாடகைக்காரர் கொண்டுவந்ததைப் பார்த்தோம்.

சோனி தோற்றது நியாயமான தோல்வி என்றே நினைக்கிறேன். விரும்பி ஆடினார்கள், விதி தெரிந்து ஆடினார்கள், தோற்றார்கள், எழுந்து வேறு ஆட்டத்துக்குப் போனார்கள். என் சித்தப்பாவும் அதில் கொஞ்சம் தோற்றார்: அவருடைய கல்யாணம் பீட்டா கேசட்டில் இருக்கிறது, ஓட்டிப் பார்க்க இன்று கருவி இல்லை. "எங்க கல்யாணத்துக்கு ஆதாரமே இல்ல" என்று சின்னம்மாவைச் சீண்டுவார். அவரும் ஒரு வகையில் கையில் இருந்த காசைப் பந்தயம் கட்டியவர்தான். வென்றவர்களுக்கும் வெற்றி நிலைக்கவில்லை. ஜேவிசி 2008இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்தது. ரைஸ் குக்கரை உலகுக்குக் கொடுத்த தோஷிபாவின் வீட்டுச் சாமான் பிரிவை 2016இல் சீனாவின் மீடியா நிறுவனம் வாங்கியது. மாட்சுஷிதாவின் வாரிசான பானாசோனிக், 2025 மே மாதம் பத்தாயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ஆடுபவர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். அது ஆட்டத்தின் இயல்பு.

என்னைத் தொந்தரவு செய்வது வேறு. ஆட்டத்தில் பெயர் கொடுக்காதவர்களும் தோற்கிறார்கள்.

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயில் ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா தாண்டி ஸ்ரீ செத்தியா வழியாகக் கோலாலம்பூர் போகிறது. ஒரு காலத்தில் இந்தப் பாதையின் இருபுறமும் தோட்டங்கள். ஷா ஆலாம் என்கிற பட்டணமே தோட்ட நிலத்தில் எழுந்தது. மாட்சுஷிதாவின் மலேசிய நிறுவனம் 1965இல் அங்கே நிறுவப்பட்டது. 2003இல் பானாசோனிக் என்று பெயர் மாறி இன்றும் இருக்கிறது. 1971இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. சுங்கைவே, உலு கிள்ளான், தெற்கே தெலுக் பங்லிமா காராங் என்று வட்டாரங்கள் முளைத்தன. இறக்குமதி வரி கிடையாது, சில ஆண்டுகளுக்கு வருமான வரி கிடையாது. இன்னொரு சலுகையும் இருந்தது. அதை யாரும் விளம்பரப் பலகையில் எழுதவில்லை.

அம்மா 1974இல், பதினெட்டு வயதில், பத்து தீகா பக்கம் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். வானொலிப் பெட்டிக்கான பலகையில் ஈயப் பற்று வைக்கும் வேலை. நாளுக்கு நான்கு வெள்ளி. மூன்று ஷிப்ட். கம்பெனி பஸ் தோட்டத்து வாசலுக்கே வரும். அந்த நாட்களைப் பற்றி அம்மாவிடம் குறை கேட்க முடியாது. "பால்மரத்துக்கு இது சொர்க்கம்டா. ஏர்கான். வெள்ளை கோட்டு. கொசு இல்ல, அட்டை இல்ல. கங்காணி சத்தம் இல்ல." மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது அங்கேதான் என்பார். சொந்தச் சம்பளத்தில் சேலை வாங்கியதும் அங்கேதான்.

ஆனால் சங்கம் பற்றிக் கேட்டால் பேச்சு மாறும். "அதெல்லாம் கேக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க" என்பார். யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும்தான்."

சொன்னது ஒரு சொல். நாட்டில் அப்போதே மின்சாரத் தொழில் தொழிலாளர் சங்கம் இருந்தது. எலெக்ட்ரானிக் ஆலைப் பெண்களை அந்தச் சங்கம் சேர்க்க முனைந்தபோது தொழிற்சங்கப் பதிவாளர் அனுமதிக்கவில்லை. காரணம்: எலெக்ட்ரிக்கல் வேறு, எலெக்ட்ரானிக் வேறு, இரண்டும் ஒத்த தொழில்கள் அல்ல. தமிழில் இதைச் சொன்னால் இன்னும் விசித்திரமாக இருக்கிறது. 'மின்' என்றால் சங்கம் உண்டு, 'மின்னணு' என்றால் கிடையாது. 'அணு' என்கிற இரண்டு எழுத்து, பல்லாயிரம் பெண்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு சங்க உரிமையைத் தள்ளி வைத்தது. மொழியோடு வேலை செய்கிறவர்கள் சொல்லின் ஆற்றல் பற்றி உருகி எழுதுகிறோம். சொல்லின் உண்மையான ஆற்றலை அறிந்தவர் பதிவாளர்தான்.

ஏன் அப்படி? போட்டி. முதலீட்டுக்காகப் பக்கத்து நாடுகளோடு போட்டி. சங்கம் வந்தால் ஆலைகள் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சம். நிறுவனங்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. 1988இல் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, மலேசியாவுக்கான வரிச்சலுகையை நிறுத்தும்படி தங்கள் அரசிடம் மனு கொடுத்த பிறகுதான் இங்கே கதவு கொஞ்சம் திறந்தது. சங்கம் வைக்கலாம் என்ற அறிவிப்பு வந்தது. கொஞ்ச நாளிலேயே அந்தந்த ஆலைக்குள் மட்டும் என்று சுருங்கியது. வட்டார அளவிலான சங்கங்களுக்கு அனுமதி கிடைத்தது 2009இல். அதற்குள் அம்மா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார்.

இந்த இடத்தில் என் பள்ளித்தோழன் ஒருவன் மறுப்பான். மின்சாதன விற்பனைத் துறையில் இருக்கிறான், அவனோடு இது பற்றிப் பல தடவை வாதாடியிருக்கிறேன். "உங்கம்மாவ யாராவது கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்களா? அவங்களாத்தானே போனாங்க. ஆலை வரலன்னா இன்னும் மரம்தான் வெட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க. நீ எங்கடா படிச்சிருப்ப?"

அவன் சொல்வதில் எனக்குப் பதில் இல்லாத பகுதி உண்டு. என் படிப்பு அந்த ஈயப் பற்றுகளால் வந்தது. ஆனால் அம்மா தேர்ந்தெடுத்தது வேலையை. சங்கம் வேண்டாம் என்பதை அம்மா தேர்ந்தெடுக்கவில்லை. அம்மாவின் சார்பில் வேறு யாரோ அதைப் பந்தயமாகக் கட்டினார்கள். ஒரு நிறுவனம் தன் லாபத்தைக் குறைத்து விலையை இறக்கினால் அது அதன் பணயம். அறிவைச் செலவழித்து இரட்டைப் பானையை ஒற்றையாக்கினால் அது அதன் திறமை. இன்னொருத்தியின் உரிமையை எடுத்து மேசையில் வைத்து ஆடினால், வென்றாலும் அந்த வெற்றி யாருடையது?

அந்தப் பெண்களுக்கு எதிர்ப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐவா ஓங் என்கிற மானுடவியலாளர் 1970களின் இறுதியில் கோலாலங்காட் வட்டாரத்தில் தங்கி, தெலுக் பங்லிமா காராங்கின் ஜப்பானிய ஆலைகளுக்குப் போன மலாய்க் கிராமத்துப் பெண்களைப் பற்றி ஆராய்ந்தார். 1987இல் வந்த அவருடைய புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. உருப்பெருக்கிக்குள் பார்த்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று அலறுவாள், அதற்குள் ஒரு பேயைக் கண்டதாகச் சொல்வாள், அந்த அலறல் வரிசை முழுக்கப் பரவும், உற்பத்தி நிற்கும். பொமோ வரவழைக்கப்படுவார். பேச வழியில்லாத இடத்தில் பேய் பேசியது என்று ஓங் அதை வாசிக்கிறார். இதை அம்மாவிடம் சொன்னபோது, "எங்க லைன்லயும் ரெண்டு தடவ வந்திருக்கு" என்றார், மழை பெய்ததைச் சொல்வது போல.

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து அதே கிள்ளான்-பந்திங் சாலையில் தெற்கே கொஞ்சம் போனால் ஜெஞ்ஜாரோம். 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டு பிளாஸ்டிக் கழிவு வேண்டாம் என்று கதவை அடைத்ததும், உலகத்தின் குப்பை திசைமாறி கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தது. ஜெஞ்ஜாரோமைச் சுற்றிச் செம்பனைத் தோப்புகளுக்குள் உரிமம் இல்லாத பட்டறைகள் முளைத்தன. விற்க முடிந்ததை உருக்கினார்கள், முடியாததை இரவில் எரித்தார்கள். ஊர்க்காரர்கள் இருமிக்கொண்டே ஆதாரம் திரட்டிப் புகார் கொடுத்த பிறகு பல பட்டறைகள் மூடப்பட்டன. அது பிளாஸ்டிக். அதன் பின்னாலேயே மின்கழிவு வந்தது. பழைய கணினி, உடைந்த திரை, நசுக்கிய சுற்றுப்பலகை எல்லாம் 'உலோகச் சிதைவு' என்பது போன்ற பெயரில் கொள்கலனில் வருகின்றன. அண்மை ஆண்டுகளில் கிள்ளான் துறைமுகத்தில் அதிகாரிகள் அவற்றைத் திரும்பத் திரும்பப் பிடிக்கிறார்கள். மின்கழிவு எதுவானாலும் பெறும் நாட்டின் சம்மதம் வேண்டும் என்று பாசல் ஒப்பந்தம் 2025 ஜனவரி முதல் சொல்கிறது. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை இதுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் தூக்கிப்போட்ட மின்சாமான் 620 லட்சம் டன் என்கிறது ஐ.நா.வின் கணக்கு. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. மற்றதில் ஒரு பகுதி யாருடைய கொல்லையிலோ எரிகிறது.

ஒரே சாலையில் நாற்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு ஆட்டம் நடந்திருக்கிறது. முதலில் சாமான் பிறக்கும்போது விலையைக் குறைக்கப் பெண்களின் குரல் போனது. பிறகு சாமான் செத்ததும் அதை அடக்கம் செய்யும் செலவைக் குறைக்க ஊரின் மூச்சு போனது. ஜெஞ்ஜாரோமில் இருமிய கிழவர், எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தை முந்த வேண்டும் என்று பந்தயம் கட்டியவர் அல்லர். அந்தக் கணினியை வாங்கியவரும் அல்லர்.

மாட்சுஷிதாவின் உவமையில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். அவர் குழாயைப் பார்த்தார், சாக்கடையைப் பார்க்கவில்லை. பட்டணத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த நகராட்சி சாக்கடையும் கட்டியது; குழாய் வந்து சாக்கடை வராத ஊரில் கொள்ளைநோய் வந்தது. தண்ணீர்போல் மலிந்த பொருள் தண்ணீர்போல் ஓடித்தான் போகும். எங்கே ஓடும்? பள்ளமான இடத்துக்கு.

வணிகனுக்கு நம் மரபில் சொன்ன அறம் வள்ளுவரின் நடுவுநிலைமை அதிகாரத்தில் இருக்கிறது: பிறர் பொருளையும் தன் பொருளைப் போலவே பேணுவதுதான் நல்ல வாணிகம் என்கிறார். சின்ன வயதில் இதைத் தராசு பற்றிய உபதேசமாக மட்டும் படித்தோம். எடை குறைக்காதே, கலப்படம் செய்யாதே. அந்தக் காலக் கடையில் 'பிறர்' என்பவர் எதிரே நின்றார், முகம் தெரிந்தது. இன்று என் குக்கருக்கு எத்தனை பிறர்? பற்று வைத்தவள், பெட்டி கட்டியவள், அதை உடைத்துச் செம்பு எடுக்கப்போகிறவன், அவன் எரிக்கும் புகைக்கு அண்டை வீட்டுக் குழந்தை. எதிரே நிற்கும் என்னிடம் மட்டும் நேர்மையாக இருந்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பிறரிடம் எடையைக் குறைக்கும் வாணிகத்துக்கு வள்ளுவர் என்ன பெயர் வைப்பார்? அவர் 'வாங்குபவர்' என்று சொல்லவில்லை, 'பிறவும்' என்றார். அந்தச் சொல் எனக்கு இப்போதுதான் முழுசாகக் கேட்கிறது.

தோழனிடம் இதைச் சொன்னால் அவனுடைய கடைசிச் சீட்டு வெளியே வரும். "சரிடா, நாங்க நிறுத்துறோம். அடுத்தவன் செய்வான். வேற வழியில்ல லா."

'வேறு வழியில்லை' என்பதைத்தான் நான் நம்புவதில்லை. ஒருவன் மட்டும் நிறுத்தினால் அவன் தோற்பான் என்பது உண்மை. எல்லோரையும் ஒன்றாக நிறுத்தினால் யாரும் தோற்பதில்லை. கைப்பேசிக்கு ஒரே சார்ஜர் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் கொண்டுவந்தபோது ஆப்பிள் நிறுவனம் அது புதுமையைக் கெடுக்கும் என்று எதிர்த்தது. 2023 செப்டம்பரில் வந்த ஐஃபோன் 15இல் யூஎஸ்பி-சி இருந்தது. 2024 டிசம்பர் முதல் அங்கே அது எல்லோருக்கும் கட்டாயம். போட்டி நின்றுவிட்டதா? கேமராவிலும் சிப்பிலும் முன்போலவே அடித்துக்கொள்கிறார்கள். மேசை டிராயரில் சேரும் சார்ஜர் குவியலைக் கொண்டு ஆட முடியாது என்று மட்டும் விதி வந்தது. இங்கும் 2009க்குப் பிறகு மின்னணு ஆலைகள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடவில்லை. நாட்டின் ஏற்றுமதியில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு இன்றும் மின், மின்னணுப் பொருட்கள்தாம்.

என்னையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் தாமானுக்கு வாரம் ஒரு முறை 'சூராட் காபார் லாமா' லோரி ஒலிபெருக்கியோடு வரும். பழைய பேப்பர், பழைய இரும்பு, கெட்டுப்போன டிவி. இரண்டு மின்விசிறி, ஒரு கணினித் திரை, கணக்கில்லாத ஒயர் என்று இதுவரை அதில் ஏற்றியிருக்கிறேன். கொடுத்த ஐந்து, பத்து வெள்ளியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதைக் கேட்டால் கிடைக்கும் பதிலோடு என்ன செய்வது என்று தெரியாததுதான் காரணம். சட்டம் வரட்டும், நிறுவனம் திருந்தட்டும் என்று எழுதுவது எனக்குச் சுலபம். நானும் அந்த எண்பது ரிங்கிட்டின் பக்கம் நிற்பவன்தான்.

வியாழக்கிழமை போனேன். குக்கர் தயாராக இருந்தது. ஃபியூஸைப் பற்று வைக்காமல் நசுக்குக் குழாயில் மாட்டியிருந்தார். "ஈயம் வெச்சா அந்தச் சூட்டுக்கே இது செத்துரும் தம்பி. பாதிப் பேருக்கு இது தெரியாது" என்றார். பழைய மூன்று மூலைத் திருகாணிகளை ஒரு தாளில் மடித்துக் கொடுத்துவிட்டு, சாதாரணத் திருகாணி போட்டிருந்தார். அடுத்த தடவை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். முப்பதாகக் கொடுத்தேன். ஐந்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா அரிசியைக் களைந்து போட்டு, அது 'டக்' என்று விழும்வரை பக்கத்திலேயே நின்றார். மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தார். திருப்தி.

"எவ்ளோ வாங்குனான்?"

"இருபத்தஞ்சு."

அம்மாவின் முகம் மாறியது. "ஒரு ஃபியூஸ் மாத்துறதுக்கா? அநியாயம்டா. நானெல்லாம் ஒரு நாளைக்கு எத்தன ஜாயின்ட் போட்டிருப்பேன், எவனாவது இப்பிடிக் குடுத்தானா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சோறு நன்றாகத்தான் வெந்திருந்தது.